அட்டையில் இரண்டு வரிசை

ஜனவரி 11

அன்பு மருமகள் வாலுவுக்கு,

கொக்கி மாமா எழுதுவது. இங்கே நான் திடமாக இருக்கிறேன். திடம் கொஞ்சம் கூடிப்போனதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? தலைமையாசிரியை குரலில் ஒலிபெருக்கியில் பேசி, பள்ளிக்கூடம் முழுவதற்கும் அரைநாள் விடுமுறை விட்டாயாமே. உன் போன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விட்டதாம். அக்கா என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் உன்னைத் திட்டினாள். நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இனி விஷயம். இது விளையாட்டில்லை. ஜூன் மாதம் எனக்கு மருத்துவப் பரிசோதனை. கிரேன் கூண்டில் ஆபரேட்டருக்கு ஏதாவது ஆனால் பெல்ட் மாதிரி ஒரு மீட்புப் பட்டையில் கட்டித்தான் கீழே இறக்குவார்கள். அந்தப் பட்டை நூற்றுப்பத்து கிலோவரைதான் தாங்கும், அதற்கு மேல் உள்ள ஆளை ஏற்றக்கூடாது என்று புது விதி. நான் நூற்று இருபத்து நான்கு. ஜூனுக்குள் குறையாவிட்டால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். கீழே எனக்கு ஒரு வேலையும் தெரியாது, வாலு. மேலேயிருந்து பார்த்தால்தான் எனக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

கம்பெனி நர்ஸ் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு குவளை புரோட்டீன் ஷேக். மதியம் மட்டும் வயிறாரச் சாப்பாடு. நேற்று ஆரம்பித்தேன். டப்பாவில் சாக்லேட் என்று போட்டிருக்கிறது. நாக்கில் நனைந்த அட்டைப்பெட்டி. தனியாகக் குடிக்க முடியவில்லை. நீயும் மாலையில் பேக்கரிக்குப் போவதற்குப் பதில் ஒரு குவளை குடியேன். இரண்டு பேர் குடிக்கிறோம் என்று நினைத்தால் தொண்டையில் இறங்கும். உனக்கும் ஒரு டப்பா அனுப்புகிறேன். அம்மா கேட்டால் வளர்கிற பிள்ளைக்குச் சத்து மாவு என்று சொல். பரிசோதனை விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் பதினெட்டு வருடமாகச் சொல்லும் "இறங்கி வாடா"வை முதலிலிருந்து தொடங்குவாள்.

மாதாமாதம் எடையை எழுதிக்கொள்வோம். சரி என்றால் பதில் போடு.

உன்,
கொக்கி மாமா


ஜனவரி 20

பெருமதிப்பும் பெரும்பரப்பும் கொண்ட கொக்கி மாமாவுக்கு,

நாங்கள் நலம். என் போன் மட்டும் பீரோவில் துணிகளுக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் முழுவதும் ஜாமீன் கிடையாதாம்.

"இது விளையாட்டில்லை" என்ற வரியைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்கு ஆறு வயதில், தினமும் சாயங்காலம் நிலாவைக் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றுவது நீங்கள்தான் என்று சொன்னபோதும் இதே வரியில்தான் தொடங்கினீர்கள். நான் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லி, இரண்டு வருடம் எல்லோருடைய வாயிலும் விழுந்தேன். பழிக்குப் பழியாக உங்கள் சட்டைக் கைகளைத் தைத்து மூடினேன். இப்போது மாவா? பட்டை, நர்ஸ், புது விதி... தொழில் நுணுக்கம் ஏறிவிட்டது மாமா. சரி, நானும் ஆட்டத்தில் சேர்கிறேன்.

டப்பா வந்தது. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "என்னடி இது, சிமெண்ட்டா?" என்றாள். "சத்து மாவும்மா. மாமா கட்டடக்காரர் இல்லையா, என்னையும் கட்டி எழுப்பறார்" என்றேன். "உன்னை யாரு எழுப்பறது, காலையில எட்டு மணிக்கு நானே தொண்டை கிழியக் கத்தறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். மாவு கரையவில்லை. மாமா கரைகிறாரா பார்ப்போம். என் எடை இன்று அறுபத்தெட்டு. இன்று முதல் நாம் இருவரும் பொறுப்புள்ள குடிமக்கள்.

இப்படிக்கு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டாத,
வாலு


பிப்ரவரி 8

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதம் கூண்டில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் கொக்கி ஆடியிருக்கும், நல்லவேளை சுமை எதுவும் மாட்டியிருக்கவில்லை. நான் நலம். உனக்குச் சளி பிடித்ததாக அக்கா சொன்னாளே, விட்டதா?

ஆட்டம் என்று எழுதியிருந்தாய். பெயர் எதுவாக இருந்தாலும் சரி, நீ குடித்தால் போதும்.

கூண்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை ஒட்டி, அதில் இரண்டு வரிசை போட்டிருக்கிறேன். இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. நான் இப்போது நூற்று இருபத்தொன்று. மாலையில் இறங்குவதற்கு முன் ஷேக்கரைக் குலுக்கி, உன் வீடு எந்தப் பக்கம் என்று உத்தேசமாகப் பார்த்து உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் குடிக்கிறேன். கீழே கொடி காட்டுகிற சைகைக்காரத் தம்பி வாக்கி டாக்கியில் கேட்கிறான்: "அண்ணே, யாருக்கு சலாம்?" "என் மருமகளுக்குடா" என்றேன். "அவங்க குடிக்கறாங்களா, இல்ல நீங்க மட்டுமா?" என்றான். அவனுக்கு வாய் அதிகம்.

உன் எடையை எழுது. வலது பக்கம் காலியாக இருக்கிறது.

கொக்கி மாமா


பிப்ரவரி 17

நாளொரு கிலோவும் பொழுதொரு குவளையுமாக இளைக்கும் மாமாவுக்கு,

சளி விட்டது. சனி விடவில்லை: கணக்குப் பாடம். அம்மா நலம். உங்கள் உடல் நலமா, அதில் மிச்சம் இருக்கிறதா?

வலது பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: அறுபத்தைந்து. நீங்கள் ஒரு வேளை சொன்னீர்கள். நான் காலையும் மாலையும் இரண்டு வேளை. முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் என் மேசை நாற்காலி முனகும். இப்போது அதுவே என்னைப் பார்த்து "எங்கே உன்னைக் காணோம்" என்று கேட்கிறது.

ஒரு சின்ன அதிசயம். வீட்டுக்காரரின் கிழட்டு நாய் இருக்கிறதே, படி ஏறவே மூச்சு வாங்குமே, அது இந்த மாதம் படிகளை மூன்று மூன்றாகத் தாவுகிறது. என்ன சாப்பிடுகிறதோ. விலங்குகளுக்கும் பயிற்சியாளர் வைக்கும் காலம் போலிருக்கிறது.

டப்பா தீரப்போகிறது. அடுத்ததை அனுப்புங்கள்.

எடை போனாலும் தடை போடாத,
வாலு


மார்ச் 4

வாலுவுக்கு,

நான் நலம். டப்பா அனுப்பியிருக்கிறேன், வந்ததும் எழுது. உனக்கு ஒரு வேளைதான் சொன்னேன். வளர்கிற உடம்பு, இரண்டு வேளை வேண்டாம். நர்ஸிடம் கேட்டேன், அவரும் திட்டினார். காலையில் ஒழுங்காகச் சாப்பிடு. இது மாமா சொல்வது, கொக்கி சொல்வது இல்லை.

நான் நூற்றுப் பதினெட்டு. மூன்று கிலோதான். நீயும் மூன்று கிலோ. ஆனால் என்னில் நீ பாதிதான் இருப்பாய், அப்படிப் பார்த்தால் நீ எனக்கு இரண்டு பங்கு இறங்கியிருக்கிறாய். சைகைக்காரத் தம்பி எண்ணெய் விட மேலே வந்தவன் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க மருமக கெட்டிக்காரிண்ணே. உங்களைவிட வேகமா எறங்கறாங்க" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருக்கிற வைராக்கியம் எனக்கு இல்லையே.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாமா


மார்ச் 16

ஆமை வேக மாமாவுக்கு,

அம்மாவின் முழங்கால் அம்மாவைப் போலவே, காலையில் கோபம், மாலையில் சமாதானம். நான் நலம்.

மூன்று கிலோவா? உங்கள் கிரேன் இரும்புக் கட்டையே இதைவிடச் சுறுசுறுப்பாக இறக்கும். நான் இப்போது அறுபத்திரண்டு. தமிழ் ஆசிரியை என்னைப் பார்த்து, "ஏம்மா, வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், வீட்டுல இருந்த பிரச்சினையே நான்தான், இப்ப நானும் கொறஞ்சுட்டேன்" என்றேன்.

தோற்றதாக ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் சைகைக்கார அண்ணனிடம் சொல்லுங்கள், வலது பக்கத்துக்கு இன்னொரு அட்டை ஒட்டச் சொல்லி.

வெற்றிக் களிப்பில்,
வாலு


ஏப்ரல் 3

வாலுவுக்கு,

நலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை கொஞ்சம் நடுங்குகிறது, மேலே காற்று அதிகம்.

நூற்றுப் பதின்மூன்று. எப்படி என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். மதியம் டிபன் டப்பாவைத் திறப்பதில்லை. இரண்டு வாரமாயிற்று. மெஸ்காரர் கட்டிக் கொடுப்பதை அப்படியே சைகைக்காரத் தம்பிக்குக் கயிற்றில் இறக்கிவிடுகிறேன். அவன் வயிறு கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஏணி ஏறும்போது நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. காது அடைக்கிறது. ஜூன் வரைதானே, சமாளித்துவிடலாம் இல்லையா?

உன் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளை செய்கிறதே என்று தோன்றுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாகச் சொல், உனக்குத் தலை சுற்றுகிறதா?

மாமா


ஏப்ரல் 12

மதியம் துறந்த மாமுனி மாமாவுக்கு,

எனக்குத் தலை சுற்றவில்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம்தான் தெரிகிறது. மற்றபடி நலம், அம்மாவும் நலம்.

கை நடுக்கம், காதடைப்பு, கோணல் எழுத்து: நடிப்பு பிரமாதம். அந்த 'ற' ஒன்று தாளை விட்டே கீழே விழுந்துவிட்டது. ஆனால் இந்த வாலு இதற்கெல்லாம் மசியுமா? நானும் மதியத்துக்கு விடை கொடுத்தாயிற்று. ஐம்பத்தொன்பது. இனி நான் கண்ணாடி முன் நின்றால் கண்ணாடி மட்டும்தான் தெரியும்.

இப்போது உங்கள் முறை.

காற்றில் கரைந்துகொண்டிருக்கும்,
வாலு


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாலு நாளாக போன் அடித்தால் எடுக்கவில்லை. வேலை அதிகமோ? உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே உன்னைக் கேட்க ஆளில்லை என்று எனக்கு எப்போதும் கவலை.

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். ஒரு விஷயம். நீ அனுப்புகிற சத்து மாவு டப்பாவை இனி அனுப்ப வேண்டாம். நீ ஆசையாக அனுப்புகிறாயே என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. உன் மருமகள் முதல் நாள் ஒரு வாய் குடித்துத் துப்பியதோடு சரி. எல்லாவற்றையும் கரைத்து வீட்டுக்காரர் நாய்க்கு வைக்கிறாள். நாய் பளபளவென்று இருக்கிறது, வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம். இவளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள், சாயங்காலம் பேக்கரி வேறு. போன மாதம் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தார்களாம், எழுபது. கண் படப் போகிறது.

உன்னுடைய கடிதம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறாள். மாமனும் மருமகளும் என்ன கூத்தடிக்கிறீர்களோ. உடனே போன் செய்.

அக்கா


மே 13

வாலுவுக்கு,

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, காலை பதினொன்றரை மணி. கொக்கியில் கம்பிக்கட்டு இருந்தது. வாக்கி டாக்கியில் "அண்ணே, எறக்குங்க" என்றான். பிறகு "அண்ணே, கேக்குதா?" என்றான். கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை. கைப்பிடியிலிருந்து கை நழுவினால் கிரேன் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் கீழே வேலை செய்த ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பிக்கட்டு நாற்பது நிமிடம் அந்தரத்தில் தொங்கியதாம். அவர்களை ஓரமாக ஓடச் சொல்லிவிட்டு, என்னைப் பட்டையில் கட்டி இறக்கினார்கள்.

அந்தப் பட்டை நிஜம், வாலு. நர்ஸும் நிஜம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது சைகைக்காரத் தம்பி இரண்டு பொருள் கொண்டுவந்தான். ஒன்று, கூண்டில் இருந்த அட்டை. எனக்குப் பிரியமானதாயிற்றே என்று பத்திரமாகக் கழற்றி எடுத்து வந்திருந்தான். இன்னொன்று, அக்காவின் கடிதம். அவன் எதிரிலேயே படித்தேன். "என்னண்ணே, வீட்ல ஏதும் கெட்ட சேதியா?" என்றான். "இல்லப்பா, எல்லாரும் நல்லா சாப்பிடறாங்களாம்" என்றேன்.

அட்டையில் இரண்டு வரிசை. ஒன்று நான் பட்டினி கிடந்து எழுதியது. மற்றது நீ சிரித்துக்கொண்டே எழுதியது. உன் வரிசையைப் பார்த்துத்தான் நான் டிபன் டப்பாவை மூடினேன்.

பொய் சொன்னாய் என்று எனக்குக் கோபமில்லை. அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மதியம் சாப்பிடுவதில்லை என்று உனக்கு மட்டும் எழுதினேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, "மாமா, சாப்பிடுங்க" என்று ஒரு வரி போட்டிருந்தால் சாப்பிட்டிருப்பேன். நீ ஐம்பத்தொன்பது என்று போட்டாய்.

அம்மாவிடம் நான் நலம் என்று சொல்.

மாமா


மே 21

மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இப்போது சாப்பிடுகிறீர்களா?

முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதில் உங்களோடு சண்டை போட்டிருந்தேன். "இது விளையாட்டில்லை" என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அது விளையாட்டாகத்தான் இருந்தது, பத்து வருடம். பதினோராவது வருடம் நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, அது சரியான கேள்வியாகவே இருந்தது. ஆனாலும் அனுப்பப் பிடிக்கவில்லை.

நீங்களும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு எண் போடுகிறீர்கள் என்று நினைத்தேன் மாமா. உங்களுக்கும் ஒரு நாய் இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் நூற்றுப் பதின்மூன்று என்று எழுதியபோது, 'அடேயப்பா, என்ன புளுகு' என்று தோன்றியது. இதற்கு மேல் ஒன்று போட்டால்தான் நான் வாலு என்று தோன்றியது. கை நடுக்கத்தை நான் பார்க்காமல் இல்லை. அந்த 'ற'வைக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. பீரோவைத் திறந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள். "நீயே பேசு" என்றாள். பேச எடுத்தேன். மூன்று நாளாக அடிக்கிறேன். நீங்கள் எடுக்கவில்லை. அம்மா அடித்தால் எடுக்கிறீர்கள்.

நான் எழுபது கிலோ. நிஜம். மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தெரியவில்லை, எப்படி எழுதினாலும் நடிப்பு மாதிரி இருக்கிறது.

வாலு


ஆகஸ்ட் 19

வாலுவுக்கு,

நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. முதலாவதைப் படித்தேன். மற்ற இரண்டையும் போன வாரம்தான் பிரித்தேன்.

உடம்பு தேவலை. ஜூன் பரிசோதனை நடந்தது. எடையில் தேறிவிட்டேன்: நூற்றொன்பது. டாக்டர் கை கொடுத்தார். பிறகு நான் மயக்கம் போட்டதை எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினார். உயரத்தில் மயங்கியவனை ஒரு வருடத்துக்கு மேலே அனுப்பக்கூடாதாம். "மாவு மேல தப்பில்ல, நர்ஸ் சொன்னபடி குடிச்சிருந்தா நீங்க இப்ப மேலதான் இருந்திருப்பீங்க. சோத்தை ஏன் விட்டீங்க?" என்றார். போட்டிக்கு என்று சொல்ல வாய் கூசியது. வயிறு சரியில்லை என்றேன்.

இப்போது வாசல் கேட்டில் லாரிகளுக்குக் கதவு திறக்கிறேன். என் நாற்காலியில் ஒரு புதுப் பையன். முதல் நாளே அதைத் தன் உயரத்துக்குத் திருகி ஏற்றிக்கொண்டான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். ஒரு வருடம் கழித்து அவனை எழுந்திருக்கச் சொல்வார்களா என்று தெரியவில்லை. சைகைக்காரத் தம்பி தினமும் மதியம் கேட்டுக்கு வந்து உட்கார்ந்து, நான் டிபன் டப்பாவைக் காலி செய்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் திறக்கிறான். காலையில் மட்டும் ஒரு குவளை மாவு குடிக்கிறேன். குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி வைத்துவிடுகிறேன், எந்தப் பக்கமும் உயர்த்துவதில்லை.

அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? புது வகுப்பு எப்படிப் போகிறது? நாயையும் விசாரித்ததாகச் சொல்.

நீ எழுது. எழுதாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் செய்கிற வால்தனத்தை எல்லாம் எழுது, இல்லாததைச் சேர்த்துச் சொல்லு, பரவாயில்லை. எண் மட்டும் போடாதே. போட்டால் நான் நம்பிவிடுவேன்.

மாமா